தணிகாசலத்துக்கு உரம்

தொட்டியைக் கழுவ இறங்கின தணிகாசலம் ஏறி வரவே இல்லை என்ற சேதி மதகுத் தெருவுக்கு ஒன்றும் தலைபோகிற சேதியாகத் தெரியவில்லை, ஏனென்றால் வெள்ளம் வடிந்த அந்த மாசத்தில் அங்கே ஆளாளுக்குச் சொல்ல ஒரு சேதி இருந்தது. வீட்டுக்கு வீடு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, ஃபைட்டர் என்று அலங்கார மீன் வளர்த்து, ஊரெல்லாம் இருக்கிற கண்ணாடித் தொட்டிகளுக்கு அனுப்பி வயிறு வளர்த்த தெரு அது. ஏரி திறந்துவிட்ட தண்ணீர் வந்து எல்லார் தொட்டியையும் ஒன்றாக்கி, எல்லார் மீனையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்கடையில் விட்டுவிட்டது. சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சாக்கடையே திருவிழா மாதிரி மின்னிக்கொண்டிருக்க, அதில் இடுப்பளவு இறங்கி அழுதுகொண்டே வலை போட்டவர்களிடம் போய், 'தணிகாசலம் தொட்டியிலேயே நிக்கிறாரு, கூப்பிட்டா திரும்பிப் பாக்குறாரு, வரமாட்றாரு' என்று சொன்னால், 'நிக்கட்டும் போ, நாங்களும் நின்னுகினுதான் இருக்கோம்' என்றுதான் பதில் வரும், வந்தது.

ஆனால் அவர் பெண்டாட்டி குணவதிக்கு அது சாதாரணமாக இருக்குமா? தெருவில் எல்லாருக்கும் மீன், தணிகாசலத்துக்கு மட்டும் செடி. தண்ணீருக்குள் வளர்கிற செடி, கண்ணாடித் தொட்டிக்குள் பச்சையும் சிவப்புமாக ஆடுகிற செடி. சிவப்பில் ஒரு தினுசை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, நல்ல கிளையாகப் பொறுக்கிப் பொறுக்கி நட்டு, கல்யாணப் புடவைச் சிவப்புக்குக் கொண்டுவந்திருந்தார் மனுஷன். வெள்ளம் வந்து அதன்மேல் ஒரு முழம் சேற்றைப் போட்டு மூடிவிட்டுப் போனது. அவர் கையாலேயே சேற்றைத் தோண்டினார், ஒரு கணு கிடைத்தால் போதும், ஒரே ஒரு கணு கிடைத்தால் திரும்ப உண்டாக்கிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லித் தோண்டினார், நாற்றமடித்த கறுப்பு நார் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்குப் பேச்சு நின்றது. சாப்பாடு நின்றது. பிறகு ஒரு காலையில் எழுந்துபோய்த் தொட்டியைக் கழுவி, செம்மண்ணும் மக்கின சாணமும் கலந்து பரப்பி, மேலே ஆற்று மணல் தூவி, முழங்கால் அளவுக்குத் தண்ணீர் விட்டு, எல்லாம் தயாரான பிறகு நடுவதற்கு ஒன்றும் இல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே இறங்கி நின்றுகொண்டார்.

"நட செடி இல்ல, அதான் தன்னையே நட்டுக்கினாரு," என்றாள் எதிர்வீட்டு ஏகவள்ளி. மீனுக்குப் போடுகிற உயிர்ப்புழு விற்கிறவள், வாயில் எப்போதும் வெற்றிலை. அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

குணவதி கஞ்சி கொண்டுபோனாள், மோர் கொண்டுபோனாள், அவருக்குப் பிடித்த கருவாட்டுத் தொக்கை வாசனை வரும்படி பக்கத்தில் வைத்தாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார். மீன் ஏற்றுமதிக்காரரிடம் காற்றடித்த கவரில் மீன் கட்டுகிற வேலை அவளுக்கு, போகாமல் முடியாது. வேலைக்குப் போய்விட்டு வந்து பார்க்கும்போதெல்லாம் அவர் அங்கேயே நின்றார். வெயிலுக்கு ஒரு துண்டைத் தோளில் போடப் போனவள், தோள்பட்டையில் பச்சையாக ஏதோ ஒட்டியிருக்கிறதே என்று நகத்தால் கிள்ளினாள். அவர் "ஸ்ஸ்" என்றார். ஒட்டியிருக்கவில்லை, முளைத்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவு, தடித்த, வட்டமான, பூனை மயிர் படர்ந்த இலை.

ஐயோ என்று அவள் கத்தவில்லை. நேரே தெருக்கோடிக்குப் போய் ஜெபமணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜெபமணிதான் அந்தப் பக்கத்துக்கே உரக்காரர், தொட்டிச் செடிகளுக்கு வேண்டிய உப்புகளையெல்லாம் கலந்து பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டி விற்கிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற குரலிலேயே உரத்தைப் பற்றியும் பேசுகிறவர். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தணிகாசலத்தின் தோளை வெயில் பக்கமாகத் திருப்பி, இலையை விரல் நுனியில் தாங்கிப் பார்த்தார். தணிகாசலத்தின் முகம் அந்த இலைக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

"பாரு தங்கச்சி, புது இலை வெளுத்திருக்கு, நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. இரும்புச்சத்து பத்தல. பயப்படாத, வேற ஒண்ணும் இல்ல."

அப்படிச் சொன்னதும் குணவதிக்கு உயிர் வந்தது. பேச்சு நின்றுபோன மனுஷனுக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது, யாருக்குத்தான் தெரியும்? இரும்புச்சத்து பத்தவில்லை என்றால் என்ன செய்வது என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது.

அன்றிலிருந்து மதகுத் தெரு தணிகாசலத்தைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது. மீன் போய்விட்டது, தொட்டியெல்லாம் காலி, கை சும்மா இருக்கிறது, அறிவு மட்டும் நிரம்பி வழிகிறது, கொட்டுவதற்கு இடம் வேண்டாமா? ஜெபமணி செங்காவி நிறத்தில் இரும்பு மருந்து கொண்டுவந்து ஊற்றினார். அடி இலையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை விழுந்தபோது பொட்டாஷ் பத்தவில்லை என்று மாடிவீட்டுக்காரர்கள் பொட்டாஷ் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்தார்கள். குருத்து சுருண்டு கோணியபோது சுண்ணாம்புச்சத்து என்று ஏகவள்ளி முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினாள், தன் வாயிலிருந்த சுண்ணாம்பையே தடவிவிட்டிருப்பாள், குணவதி பார்த்துவிட்டதால் தப்பித்தது. சர்க்கரைப் பாகில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த பாட்டிலிலிருந்து குழாய் இழுத்து, அவர் காலடியில் குமிழி குமிழியாகக் காற்று விட்டார்கள். களிமண்ணில் உரம் வைத்து உருட்டிக் காயவைத்த உருண்டைகளை அவர் பாதத்தைச் சுற்றிப் புதைத்தார்கள். ஒவ்வொருவரும் ஊற்றிவிட்டு, நாளைக்குப் பாரு, நாளைக்குப் பாரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாளைக்குப் பார்த்தால் தோளிலிருந்து மார்புக்கும் மார்பிலிருந்து முதுகுக்கும் இலை இறங்கியிருந்தது, பச்சென்று, கண்ணைப் பறிக்கிற மாதிரி, வெள்ளத்துக்குப் பிறகு அந்தத் தெரு பார்க்காத பச்சை.

"எது கொறச்சலோ அதான் கணக்கு தங்கச்சி," என்பார் ஜெபமணி. "மத்தது எல்லாத்தையும் மலையா குவிச்சாலும், ஒரே ஒரு சத்து இல்லன்னா செடி அங்கியே நின்னுடும். அந்த ஒண்ணு எதுன்னு கண்டுபுடிச்சி குடுக்கணும், அவ்ளோதான்."

குணவதி மீன் கட்டுகிற இடத்திலும் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு எது குறைச்சல்? பிள்ளை இல்லை, அது குறைச்சலா? ஒரு நாளும் சொன்னதில்லையே. அந்தச் சிவப்பைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள், அதுவா? மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விடுவாள். அப்போது மணலுக்குள்ளிருந்து ஒரு வேர் வெள்ளையாக எட்டிப் பார்த்து அவள் கால் சுண்டுவிரலைச் சுற்றிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் கூட அவர் அப்படிச் செய்ததில்லை. அவளுக்கு வெட்கமாகவும் இருக்கும், காலை இழுத்துக்கொள்ளவும் தோன்றும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான் அவர் வாய் திறந்தார். உதட்டோரம் அதற்குள் பச்சை கட்டியிருந்தது, குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"குணா, என்னைத் தூக்கிடு."

அவள் துள்ளி எழுந்தாள். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! புடவையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, அவர் அக்குளுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள். அசையவில்லை. "இருங்க, இருங்க, ஆளைக் கூட்டியாறேன்," என்று ஈரக்காலோடு ஓடி, கையில் கிடைத்தவர்களையெல்லாம் இழுத்துக்கொண்டு வந்தாள். முதலில் இறங்கின ஜெபமணி, மணலுக்குள் கையை விட்டு அவர் கணுக்காலைத் தடவிப் பார்த்தார். தடவினவர் முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"புடிச்சிடுச்சி! ஐயா, வேர் புடிச்சிடுச்சி! ஸ்தோத்திரம்!"

தெருவே கை தட்டியது. குணவதி மட்டும், "தூக்குங்கண்ணே, அவரே கேட்டாரு," என்றாள்.

"தூக்கறதா? உனுக்கு இன்னா பைத்தியமா? இப்பதான் புடிச்சிருக்கு. இந்த நேரத்துல அசைச்சா அவ்ளோதான், மொத்தமும் கரைஞ்சி பூடும். செடிக்காரன் பொண்டாட்டி, உனுக்கு நான் சொல்லணுமா?"

"அவரு வாயத் தொறந்து கேக்குறாருண்ணே."

"காய்ச்சக்காரன் ஐஸ் கேப்பான், குடுப்பியா?" என்றார் மாடிவீட்டுக்காரர்.

ஏகவள்ளிகூட, "அவசரப்படாத கண்ணு, நல்லா தேறட்டும், அப்பறம் தூக்கிக்கலாம்," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், எல்லாருமே நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். குணவதி அவர் அக்குளிலிருந்து கையை எடுத்தாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க, நல்லா ஆயிடும்," என்றாள். அவர் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், அவள் முகத்தைக் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். "சரி," என்றார். அவர் கடைசியாகப் பேசினது அதுதான்.

பிறகு வந்த கோடையில் தணிகாசலம் ஊர் அறிந்த விஷயமாகிவிட்டார். கோயமுத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தொட்டிச் செடி வளர்க்கிற பெரிய மனிதர்கள் காரில் வந்தார்கள், லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், வெளிச்சம் கூடுதல் என்று ஒருவரும் குறைச்சல் என்று ஒருவரும் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணம் முடித்த ஜோடிகள் வந்து தொட்டியைச் சுற்றிவிட்டுப் போனார்கள். வாடின செடி வைத்திருந்தவர்கள் அதை ஒரு நாள் அவர் பக்கத்தில் வைத்து எடுத்துப் போனார்கள். பாத்திரம் கழுவின தண்ணீர் அந்தப் பக்கம் தெறிக்கக்கூடாது என்று தெருவே சட்டம் போட்டுக்கொண்டது. குழந்தைகள் 'தணிகாசலம் மாமா மேல சத்தியமா' என்று சத்தியம் பண்ணப் பழகின. ஆடி மாசம் அம்மன் கரகம் தெருவுக்கு வந்தபோது, பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு அவருக்கும் ஊற்ற வந்துவிட்டார்கள். ஜெபமணி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்று, "தாயே, மஞ்சள் ஊத்துனா பாசி அடைச்சிடும் தாயே," என்று கெஞ்சினார். சாமி வந்து ஆடிக்கொண்டிருந்த அம்மாள் சட்டென்று நிறுத்தி, "அப்ப வெறும் தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டாள். ஊத்தலாம் என்று அனுமதி கிடைத்தது.

அந்த வெறும் தண்ணீரில்தான் வந்தது வினை. குடம் குடமாக ஊற்ற ஊற்றத் தண்ணீர் தணிகாசலத்தின் இடுப்புக்கு ஏறியது. அவரும் முன்பு மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கவில்லை, இளந்தண்டு மாதிரித் துவண்டு குள்ளமாகிப் போயிருந்தார். அதைப் பார்த்த தெருக்காரர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது: இது தண்ணிச் செடி ஆச்சே, மேலே காய்கிறதே, முழுசாக உள்ளே விட்டால் இன்னும் நன்றாக வருமே. அந்தத் தொழிலில் அதுதான் முறை. பண்ணையில் ஈரக்காற்றில் வளர்ந்த செடியைக் கொண்டுவந்து முழுக்கத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். குணவதி வேலையிலிருந்து திரும்பி வந்தபோது குழாயைத் திறந்துவிட்டிருந்தார்கள். தொட்டிச் சுவரையும் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். தண்ணீர் அவர் கழுத்தில் இருந்தது.

அவள் கத்தவில்லையா என்று கேட்காதீர்கள். கத்தினாள். ஆனால் தண்ணீர் வாய்க்கு ஏறியது, மூக்குக்கு ஏறியது, கண்ணுக்கு ஏறியது, அவருக்கு மூச்சு முட்டவில்லை. உள்ளே போன இலைகளிலிருந்து வெள்ளி முத்து முத்தாகக் குமிழி கிளம்பி மேலே வந்து உடைந்தது. "பாத்தியா, பாத்தியா, மூச்சு வுடுறாரு!" என்று தெரு குதித்தது. கண் திறந்தபடியே இருந்தது. அவள் தண்ணீருக்கு மேலே குனிந்தபோது அந்தக் கண் அவள் பக்கமாகத்தான் இருந்தது. அவளைப் பார்த்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அந்த வாரத்திலேயே கரைய ஆரம்பித்தார்.

முதலில் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகி, விரல் பட்டால் கூழாகிப் போயின. பிறகு தோள். பிறகு கை. ஜெபமணி வந்து பார்த்துவிட்டு, ஒரு கவலையும் இல்லாமல் சிரித்தார். "எதிர்பார்த்ததுதான் தங்கச்சி. மேல இருந்து உள்ள எறக்கின செடி ஒரு தடவ கரைஞ்சிதான் ஆகும். வெவரம் தெரியாதவன் செத்துப்போச்சின்னு புடுங்கிப் போட்ருவான். நம்ம அப்படியா? வேர் கெட்டியா இருக்குது. தளிரும் பாரு." கேட்ட எல்லாரும் தலையாட்டினார்கள். செடி தெரியாத தெருவாக இருந்திருந்தால் அன்றைக்கே ஒப்பாரி வைத்து, பந்தல் போட்டு, அவளைப் பிடித்து உட்காரவைத்திருப்பார்கள். இந்தத் தெருவுக்குத் தெரியும். அதனால் யாரும் அழவில்லை, அவளையும் அழவிடவில்லை. கண்ணீர் உப்பாயிற்றே, நல்ல தண்ணீர்த் தொட்டியில் உப்பு விழக்கூடாது என்று ஏகவள்ளி அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துத் துடைத்து விட்டாள்.

கரைந்ததை உள்ளேயே விட்டால் அழுகித் தண்ணீர் கெடும், அதுவும் அங்கே எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவளிடம் ஒரு கப்பி வலையைக் கொடுத்தார்கள். புருஷன் கையைப் பெண்டாட்டி வலையால் அரித்து எடுக்கிற கொடுமையை எந்த ஊரிலாவது கேட்டதுண்டா? அவள் அரித்து எடுத்தாள். தோளை எடுத்தாள், தாலி கட்டின விரல்களை எடுத்தாள், எறிய மனசு வராமல் பக்கெட்டில் வைத்திருந்தாள். நாற்றம் தாங்காமல் ஏகவள்ளி வாங்கிப்போய் மதகில் ஊற்றிவிட்டு வந்தாள். முகம்தான் கடைசி வரை நின்றது. அதுவும் ஒரு மத்தியானம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாசி தின்ன விட்டிருந்த ஒரு சின்ன மீன் வந்து இடித்ததில் கலைந்துபோனது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

பிறகு தொட்டியில் மணலும் தண்ணீரும் மட்டும் இருந்தன. அதற்கும் உரம் ஊற்றினார்கள். இரும்பு ஊற்றினார்கள், பொட்டாஷ் ஊற்றினார்கள், பாட்டிலைப் புளிக்கவைத்துக் காற்று விட்டார்கள். குணவதி காலையில் எழுந்து பொட்டு வைத்துக்கொள்ளும்போது கை நிற்கும். வைக்கலாமா, கூடாதா? யாரைப் போய்க் கேட்பது? கேட்டால், இதென்ன கேள்வி, உன் வீட்டுக்காரருக்கு வேர் கெட்டியா இருக்கும்போது என்று திட்டுவார்கள். வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஊரிலிருக்கிற அக்கா, "ஏண்டி, அவரு இருக்காரா இல்லையாடி?" என்று போனில் கேட்டபோது, "அக்கா, அது எனக்கே தெரியல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஜெபமணி சொன்னது பொய்யாகவில்லை. ஐப்பசி மழை ஆரம்பிக்கிற நேரத்தில் மணலைப் பிளந்துகொண்டு ஒரு தளிர் வந்தது. தெருவே கூடிவிட்டது. கேசரி கிண்டிக் கொடுத்தார்கள், பட்டாசு வெடித்தார்கள். "உன் புருசன் பொழச்சிட்டாரு குணா!" என்று ஏகவள்ளி கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். குணவதியும் சிரித்தாள், ஆமாம், அன்றைக்கு அவள் உண்மையாகவே சிரித்தாள். இரண்டு வாய் கேசரியும் சாப்பிட்டாள்.

தளிர் இலையானது, இலை கிளையானது, கிளை புதரானது. இந்த இலை வேறு. தோளில் வந்தது வட்டமாக, தடியாக, மயிரோடு இருந்தது. இது மெல்லிசாக, நீளமாக, ரிப்பன் மாதிரி, நுனியில் சிவப்போடு இருந்தது, அவர் சேற்றில் தேடினாரே அந்தக் கல்யாணப் புடவைச் சிவப்பு. "மேல வுடுற இலை வேற, உள்ள வுடுற இலை வேற, அதான் இதுல அழகு," என்றார் ஜெபமணி. லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தன் வாழ்நாளில் இப்படி ஒரு செடியைப் பார்த்ததில்லை என்றும், ஒரு சத்தும் குறைவில்லை, ஒரு ஓட்டை இல்லை, ஒரு வெளுப்பு இல்லை என்றும் சொல்லிக் கண் கலங்கினார்.

குணவதி பழையபடி மதியத்தில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். மீன் குஞ்சுகள் வந்து கொத்தின. வேர் வரவில்லை. "ஏங்க," என்றாள். "நான்தாங்க." செடி ஆடியது, காற்றுக் குமிழிக்கு ஆடியது. குனிந்து கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று சாய்ந்தால் அவள் நிழல் அதன்மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் செடி மெதுவாக அவளை விட்டு அந்தப் பக்கம், வெயில் இருக்கிற பக்கம், வளைந்துகொண்டது. மறுநாளும் பார்த்தாள், அதற்கு மறுநாளும் பார்த்தாள். அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அது எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அதற்கு வெளிச்சம் வேண்டியிருந்தது, உரம் வேண்டியிருந்தது, காற்று வேண்டியிருந்தது. அவள் வேண்டியிருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் தெரு வந்து கேட்டது. கேட்டதில் தப்பே இல்லை. "ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு கிளை குடு குணா," என்றார்கள். "இந்தச் செவப்பு எங்கியும் இல்ல. வெட்டி வெட்டி நட்டா தெருவே எழுந்து நின்னுடும். அவரு ஆசப்பட்டதும் அதான்." வெட்டினால் தாய்ச்செடியும் இன்னும் அடர்த்தியாகும், ஒன்றும் ஆகாது என்று ஜெபமணி சத்தியம் பண்ணினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரம் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கத்தரிக்கோலும் தட்டும் ஈரச் சாக்குமாகத் தெரு வந்து நின்றது. ஏகவள்ளி தேங்காய் உடைத்தாள். ஜெபமணி முழங்கைவரை கழுவிக்கொண்டு, எந்தக் கணுவுக்குக் கீழே வெட்டுவது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது குணவதி வீட்டுக்குள்ளிருந்து வந்தாள், புடவையை வரிந்து கட்டியிருந்தாள். யாரையும் பார்க்காமல் தொட்டிக்குள் இறங்கினாள். கழுத்தளவுத் தண்ணீரில் நடந்து செடிக்குப் போய், மூச்சைப் பிடித்து உள்ளே முங்கி, தண்டு இரண்டாகப் பிரிகிற இடத்துக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்தாள்.

"ஏய், ஏய்! புடிங்கடா அவள!"

யாரும் இறங்குவதற்குள் தூக்கிவிட்டாள். இந்தத் தடவை அசையாமல் இல்லை, எல்லா வேரும் ஒரே நேரத்தில் கையை விட்ட மாதிரி, ஒரு குழந்தையைத் தூக்குகிற கனத்தில் வந்தது. வேரெல்லாம் வெள்ளை வெளேரென்று நல்ல வேர், உயிருள்ள வேர். தெருவிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது, வெள்ளம் வந்த அன்றைக்குக் கூட அப்படி ஒரு சத்தம் எழும்பவில்லை. "கொன்னுட்டாளே! பாவி, நல்லா இருந்தத கொன்னுட்டாளே!" என்று மாடிவீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

குணவதி அதை மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, மண்ணும் தண்ணீரும் சொட்டச் சொட்ட, கூட்டம் விலகி வழிவிட, வீட்டுக்குள் போனாள். கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தினாள். தண்ணீருக்குள் கம்பீரமாக நின்ற செடிக்கு வெளியே நிற்கத் தெம்பு கிடையாது, ஈரத் துணி மாதிரி அப்படியே படிந்துகொண்டது. அவள் அவருடைய வேட்டி ஒன்றை எடுத்து வந்து, இடுப்பு எங்கே இருக்கும் என்று ஒரு நிதானம் பார்த்துப் போர்த்தினாள். அதில் அவர் இருந்தாரா இல்லையா, அது அவளுக்குத் தெரியாது. இருந்தார் என்றால் அவள்தான் கொன்றாள். இல்லை என்றால் அவர் ஆடி மாசத்திலேயே போய்விட்டார், அவரை வலையால் அரித்து மதகில் கொட்டியாயிற்று. இரண்டில் எது பரவாயில்லை என்று நினைத்துப் பார்த்தாள், எதுவும் பரவாயில்லை என்று படவில்லை.

இலையெல்லாம் உலர ஆரம்பித்தது. ஓரம் கறுத்தது. வாசலில் நின்ற கூட்டம் திட்டி ஓய்ந்து, எட்டிப் பார்த்து, ஒவ்வொருவராக உள்ளே வந்து சுவரோரமாக நின்றது. நின்றார்களே தவிர, என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெபமணி ஓடிப்போய்த் தன் கடையிலிருந்து கைக்கு வந்த பாட்டிலையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மூச்சிரைக்க நின்றார். "தங்கச்சி, இன்னும் ஒண்ணும் கெட்டுப் போல. ஒரு டப்புல தண்ணி வுட்டு, இதுல ரெண்டு சொட்டு..." என்று மூடியைத் திருகினார்.

குணவதி எழுந்துவந்து அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கி, மூடியை இறுக்கி, ஓரமாக வைத்தாள்.

"போதும்ணே. ஊத்துனது போதும்," என்றாள். "வந்து ஒக்காருங்க. அழுங்க."

ஜெபமணி அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஏகவள்ளி வாயிலிருந்த வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து, குணவதியின் தோளைக் கட்டிக்கொண்டு, முதல் குரல் எடுத்தாள்.